பொது நிலத்தில் காட்டுப்பன்றி வேட்டை: மிசூரியின் தடை நியாயமானதா?

ஓசார்க்வாசி (செயின்ட் லூயிஸ், மிசூரி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வேட்டை உரிமம் எடுத்து முறையாக வேட்டையாடும் தமிழர்கள் இந்தக் குழுவில் சிலர் இருக்கிறார்கள் என்பதால், நெடுநாளாக என்னை உறுத்தும் ஒரு விஷயத்தை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

மிசூரியின் தென்பாதியில், ஓசார்க் மலைத்தொடர் நெடுகிலும் துண்டு துண்டாகப் பரந்து கிடக்கும் மார்க் ட்வைன் தேசிய வனம் ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கர் பரப்புள்ள பொது நிலம். இங்கே பருவம் வந்தால் மான் வேட்டையாடலாம், வான்கோழி வேட்டையாடலாம், அணிலைக்கூடச் சுடலாம். ஆனால், ஊர்க்காரர் அனைவரும் ஒரே குரலில் தொல்லை என்று சொல்லும் காட்டுப்பன்றியைத் தேடிப் போய்ச் சுடுவது குற்றம். மாநிலத்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை தன் கட்டுப்பாட்டிலுள்ள நிலங்களில் 2016 செப்டம்பர் இறுதியிலிருந்தே இந்தத் தடையைக் கொண்டுவந்துவிட்டது. தேசிய வனத்தை நிர்வகிக்கும் கூட்டாட்சி அரசின் வன நிர்வாகமும் 2019-இன் இறுதியில் அதே முடிவை அறிவித்தது. இலையுதிர்காலத்தில் மான், வான்கோழிப் பருவங்களில் உரிய உரிமத்தோடு காட்டுக்குள் இருப்பவர் எதிர்ப்படும் பன்றியைச் சுடலாம் என்ற விலக்கு மட்டும் இருக்கிறது.

தடைக்கு எதிராக ஓசார்க் கிராமங்களில் சொல்லப்படும் வாதங்களை நான் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. முதலாவது, இதே துறைதான் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை 'பன்றியைக் கண்ட இடத்தில் சுடுங்கள்' என்று மக்களை ஊக்கப்படுத்தியது. இரண்டாவது, இந்தத் துறை மக்களின் நேரடி வரிப்பணத்தில் நடக்கிறது. 1976-இல் மாநில மக்கள் வாக்களித்து ஏற்ற விற்பனை வரியின்படி, ஒருவர் எட்டு டாலருக்குப் பொருள் வாங்கினால் அதில் ஒரு சென்ட் இந்தத் துறைக்குப் போகிறது. அப்படியிருக்கையில், தலைமுறை தலைமுறையாக நாய்களோடு அந்தக் காட்டில் வேட்டையாடி வந்த குடும்பங்களிடம், 'இனி நீங்கள் வேண்டாம், எங்கள் ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்வது எப்படி நியாயமாகும்? மூன்றாவது, ஒரு வேட்டைக்காரர் செலவில்லாமல் கொல்லும் பன்றியை அரசு சம்பளம் கொடுத்து, ஹெலிகாப்டர் வாடகை கொடுத்துக் கொல்வானேன்?

இவற்றுக்கு விவரமான பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள். 'துறை சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்ற பதில் எனக்குப் போதாது.

காடறிவான் (ஆபர்ன், அலபாமா)

ஓசார்க்வாசி அவர்களுக்கு வணக்கம். வனவிலங்கு மேலாண்மையில் வேலை செய்பவன் என்ற முறையில், குறிப்பாகப் பன்றிப் பொறிகளோடு காலம் கழிப்பவன் என்ற முறையில், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தாங்கள் மூன்றாவதாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை அனைத்தும் அதைப் பொறுத்தே அமைகின்றன. வேட்டைக்காரர் கொல்லும் பன்றிக்குச் செலவில்லை என்பது அந்த ஒரு பன்றியை மட்டும் பார்த்தால் உண்மை. பன்றி தனியாக வாழும் விலங்கன்று. வளர்ந்த ஆண்பன்றிகள்தாம் ஒற்றையாகத் திரியும். தாயும் மகள்களும் அவற்றின் குட்டிகளும் ஒரே கூட்டமாக, ஒரே நிலப்பகுதியில், ஒரே வழித்தடங்களில் நடமாடும். பெண்பன்றி ஒரு வயது நிரம்பும் முன்பே சினைப்படக்கூடியது; சினைக்காலம் ஏறக்குறைய 115 நாள்; ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு குட்டிகள். இப்படிப் பெருகும் விலங்கின் எண்ணிக்கை ஏறாமல் தடுப்பதற்கு மட்டுமே ஆண்டுதோறும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அகற்ற வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. துப்பாக்கியோடு வார இறுதியில் வருபவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் அந்த அளவை எட்டியதாகப் பெரிய நிலப்பரப்பு எதிலும் நான் பார்த்ததில்லை.

இனி, பொறி வைப்பது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். முதல் சில நாள்களுக்குக் காட்டில் கூண்டே இருக்காது. புளிக்கவைத்த மக்காச்சோளத்தை ஒரு வாளியில் கொண்டுபோய், பன்றிகள் மண்ணைக் கிளறிய தடத்துக்கு அருகே கொட்டிவிட்டு, எதிரே ஒரு மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வருவோம். புளித்த வாடைக்கு மான் அவ்வளவாக நெருங்காது. பன்றி தேடி வரும். கேமராவில் வரும் படங்களை வைத்து, காது கிழிந்தது, வெள்ளைத் திட்டு உள்ளது, நொண்டுவது என்று ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு கூட்டத்தில் எத்தனை என்று எண்ணிக்கொள்வோம். அதன் பிறகுதான் கம்பித் தடுப்புகளை வட்டமாக நிறுத்துவோம். முதல் இரவே குட்டிகளும் இளம்பன்றிகளும் தயங்காமல் உள்ளே போய்த் தின்னும். மூத்த பெண்பன்றி மட்டும் வாசலில் நின்று மூக்கை நீட்டி மோந்துகொண்டே இருக்கும். முன்னங்காலை உள்ளே வைக்கும், எடுக்கும், விலகிப் போகும். அந்த ஒன்று உள்ளே வரும்வரை கதவை விழச்செய்யக் கூடாது. கைப்பேசியில் நேரடிப் படம் பார்த்துக்கொண்டே நள்ளிரவில் கதவைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி இன்று இருக்கிறது. கேமரா 17 பன்றிகளைக் காட்டியிருந்தால் 17-உம் உள்ளே இருக்கும்போதுதான் கதவு விழ வேண்டும். வெளியே தங்கிவிட்ட தாய்ப்பன்றி பிறகு கூண்டுப் பக்கமே வராது; அதன் குட்டிகளும் அதைப் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

இரண்டு மூன்று வாரம் பொறுமையாக நடக்கும் இந்த வேலையின் நடுவில் ஒருவர் நாய்களை விட்டுத் துரத்தினாலோ, சோளம் தின்ன வந்த கூட்டத்தில் ஒன்றைச் சுட்டாலோ, மிஞ்சியவை சிதறி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். பகலில் வெளிவருவதை நிறுத்திவிடும். அந்த வேட்டைக்காரர் ஒன்றோ இரண்டோ கொண்டு செல்வார். நாங்கள் முழுக் கூட்டத்தையும் இழந்து, வேறோர் இடத்தில் முதல் வாளிச் சோளத்திலிருந்து மறுபடி தொடங்குவோம். செலவு என்று பார்த்தால் அந்த ஒரு குண்டின் விலை மிகப் பெரியது.

பைனிவனம் (ஹூஸ்டன், டெக்சஸ்)

காடறிவான் சொன்னதில் பொறி பற்றிய பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால், டெக்சஸிலிருந்து பார்க்கும்போது தெரியும் வேறொரு பக்கமும் உண்டு.

டெக்சஸ் நிலத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் தனியாருடையது. பண்ணை வைத்திருப்பவருக்கோ, பண்ணையாருக்கு ஒரு நாளைக்குச் சில நூறு டாலர் கட்டணம் கொடுக்க முடிந்தவருக்கோ இங்கே எந்தத் தடையும் இல்லை. 2011-இல் இயற்றிய சட்டத்தின்படி பணம் கொடுத்து ஹெலிகாப்டரிலிருந்துகூடப் பன்றியைச் சுடலாம். 2019-லிருந்து, நில உரிமையாளரின் சம்மதம் இருந்தால் தனியார் நிலத்தில் பன்றியைச் சுட வேட்டை உரிமமே தேவையில்லை. நிலமும் இல்லாமல் பணமும் இல்லாமல் இருப்பவருக்கு எஞ்சுவது பொது நிலம் ஒன்றுதான். ஹூஸ்டனுக்கு வடக்கே சாம் ஹூஸ்டன் தேசிய வனம் இருக்கிறது, ஏறக்குறைய 1,63,000 ஏக்கர். கிழக்கே பிக் திக்கெட் என்ற தேசியக் காட்டுப் பாதுகாப்பகம் இருக்கிறது. மாநிலத்தின் பொதுவேட்டை நிலங்களுக்கு ஆண்டுக்கு 48 டாலர் செலுத்தி அனுமதிச் சீட்டு எடுத்துக்கொண்டால், ஓட்டுநர் வேலை செய்பவரும் மாணவரும் அங்கே போய்க் குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவர முடியும். என்னுடன் வருபவர்களில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தாம்.

பொது நில வேட்டை எளிதானது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. உடம்பில் 400 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும். தனியார் பண்ணையில் செய்வதுபோல் இரை போட்டு உட்கார்ந்திருக்க முடியாது. இரவில் வெப்பக் கேமரா மாட்டிய துப்பாக்கியோடு சுற்ற முடியாது. ஆகவே நடந்துதான் தேட வேண்டும். ஓடைக்கரை ஈரமண்ணில் குளம்படித் தடத்தைப் பார்த்து, அதன் விளிம்பு கூராக இருக்கிறதா உதிர்ந்திருக்கிறதா என்று கவனித்து, சேற்றில் புரண்ட பன்றி உடம்பைத் தேய்த்த பைன் மரத்தில் சேறு எந்த உயரத்தில் அப்பியிருக்கிறது, கைவைத்தால் ஒட்டுகிறதா என்று பார்த்து, காற்று எதிர்முகமாக வீசும்படி சுற்றிக்கொண்டு போக வேண்டும். பன்றிக்குக் கண் மந்தம், ஆனால் மூக்கு அபாரம். இவ்வளவும் செய்து வெறுங்கையோடு திரும்பும் நாள்களே அதிகம்.

இந்த மனிதர்களை மொத்தமாக வெளியேற்றிவிட்டு, கட்டணம் கொடுப்பவர்களை மட்டும் ஹெலிகாப்டரில் ஏற்றுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

ஓசார்க்வாசி

பைனிவனம் எழுதியதில் பாதி இங்குள்ளவர்களும் சொல்வதுதான். காடறிவானிடம் இன்னொரு கேள்வி. தடை வந்த பிறகு மிசூரியில் அகற்றப்பட்ட பன்றிகளின் எண்ணிக்கை 2019-இல் 10,000-ஐயும், 2020-இல் 12,000-ஐயும் தாண்டியது. அதற்குப் பிறகு அது ஆண்டுதோறும் இறங்கிக்கொண்டே வருகிறது. துறை இதைப் பன்றி குறைந்ததற்கான சான்று என்கிறது. எங்கள் ஊரில் சிலர், ஊழியர்களால் பிடிக்க முடியவில்லை என்பதற்கான சான்று என்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவது?

காடறிவான்

அருமையான கேள்வி. பிடிபட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாதாடலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நிலத்தைப் பார்க்க வேண்டும். மிசூரியில் வேலையை நீர்ப்பிடிப்புப் பகுதி வாரியாகப் பிரித்துச் செய்கிறார்கள். ஓர் ஓடையின் படுகை முழுவதையும் துடைத்த பிறகு, அங்கே புதிய கிளறல் இருக்கிறதா, கேமராவில் ஏதேனும் விழுகிறதா, பக்கத்துப் பண்ணையாரிடமிருந்து புகார் வருகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். குளிர்காலத்தில் ஓக் மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது மேலிருந்து பார்த்தால் பன்றி ஒளிய இடமில்லை; ஹெலிகாப்டர் அப்போதுதான் பறக்கிறது. கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டை மாட்டிய ஒரு பன்றியை விட்டு, அது போய்ச் சேரும் கூட்டத்தைக் கண்டுபிடிப்பதும் உண்டு. இவ்வளவு வழிகளில் தேடியும் தடயம் கிடைக்காத படுகைகள் கூடிக்கொண்டே வருகின்றன. இந்த விவரத்தைப் படுகை வாரியான வரைபடமாகவே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மற்ற இடங்களில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என் கருத்து உருவானது அவற்றைப் பார்த்துத்தான்.

டென்னசி மாநிலத்தைப் பாருங்கள். வட கரோலினாவின் ஹூப்பர் பால்ட் மலையில் 1912-இல் ஒரு வேட்டைப் பண்ணைக்காக ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளை இறக்குமதி செய்தார்கள். அவை 1920-களில் வேலியைத் தாண்டி டென்னசி மலைகளுக்குள் புகுந்தன. பல பத்தாண்டுகள் வரை சில கவுண்டிகளுக்குள்தான் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இருந்தன. பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று எண்ணி 1999-இல் மாநிலம் முழுவதும் எண்ணிக்கை வரம்பில்லாமல் பன்றி வேட்டையைத் திறந்துவிட்டார்கள். விளைவு நேர்மாறாக அமைந்தது. பன்றி வேட்டையில் ருசி கண்டவர்கள், பன்றியே இல்லாத பகுதிகளுக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். பத்தே ஆண்டுகளில் மாநிலமெங்கும் அங்கங்கே புதிய கூட்டங்கள் முளைத்தன. 2011-இல் மாநில அரசு தன் கொள்கையைத் திருப்பிக்கொண்டு, பன்றியை வேட்டை விலங்குப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

எங்கள் பக்கத்தில், ஜார்ஜியா எல்லையில் உள்ள ஃபோர்ட் பென்னிங் ராணுவ நிலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. 2007, 2008 ஆண்டுகளில் ஒரு பன்றி வாலுக்கு 40 டாலர் வீதம் பரிசு கொடுத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்கள் வந்து சேர்ந்தன. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் செலவானது. ஆனால், அங்கே ஆய்வு செய்தவர்கள் கண்டது, பன்றிகளின் அடர்த்தி குறையவில்லை, கூடியிருந்தது என்பதைத்தான். வேட்டைக்காரர்கள் கொட்டிய இரையைத் தின்று பன்றிகள் கொழுத்தன. சுடப்பட்டவற்றில் பெரிய ஆண்பன்றிகளே அதிகம். ஈனும் பெண்பன்றிகள் தப்பித்துக்கொண்டன.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கேன்சஸ் இருக்கிறது. மிசூரிக்கு மேற்கே, டெக்சஸுக்கு அவ்வளவு தூரமும் இல்லை. 2006-இலேயே பன்றியைப் பொழுதுபோக்காக வேட்டையாடுவதைத் தடை செய்துவிட்டார்கள். அங்கே பன்றி இன்றும் ஓரிரு எல்லைப் பகுதிகளோடு நிற்கிறது. நியூயார்க் 2014-இல் வேட்டையைத் தடை செய்து, பொறி வைத்துப் பிடித்து, 2016-இல் பன்றியே இல்லை என்று அறிவித்தது. கொலராடோ 2020-இல் அதே நிலையை எட்டியது.

மிசூரிக் காட்டுக்குப் பன்றி எப்படி வந்தது என்பதையும் தாங்கள் அறிந்திருப்பீர்கள். 1990-களில் வேட்டைக்கென்றே வளர்த்து, இரவோடு இரவாகப் பொது நிலத்தில் திறந்துவிட்டவர்கள் இருந்தார்கள். வேட்டை அனுமதி இருக்கும்வரை அப்படித் திறந்துவிடுவதற்கு ஒரு காரணமும் இருந்துகொண்டே இருக்கும். தடையின் பெரும்பயன் அந்தக் காரணத்தை ஒழிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

குறிஞ்சிநிலம் (கோயம்புத்தூர்)

இந்த இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். மலையடிவாரத்தில் விவசாயம் செய்பவன் என்பதால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. இங்கும் பன்றித் தொல்லை தாங்க முடியாமல், வனத்தை விட்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழ்நாட்டு அரசு அண்மையில் முடிவெடுத்தது. காப்புக்காட்டுக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் சுடக் கூடாது. அமெரிக்காவில் காட்டுக்குள்ளேயே போய் ஒன்று விடாமல் அழிக்க வேண்டும் என்கிறீர்களே, அதனால் காட்டுக்குக் கேடு வராதா?

காடறிவான்

நம் ஊர்க் காட்டுக்கும் இந்தக் காட்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது, ஐயா. மேற்குத் தொடர்ச்சி மலையில் பன்றி அந்தக் காட்டோடு பிறந்த உயிர். புலிக்கும் செந்நாய்க்கும் இரை. அமெரிக்கக் கண்டத்தில் பன்றி இருந்ததே இல்லை. 1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் கரையிறங்கியபோது உணவுக்காக ஓட்டிவந்த பன்றிகளும், பின்னர் குடியேறிகள் காட்டில் மேயவிட்டவையும், ஹூப்பர் பால்ட் போன்ற இடங்களுக்கு வந்த ஐரோப்பியப் பன்றிகளும் கலந்து பெருகியவையே இன்று இங்கிருப்பவை. வளர்ந்த பன்றியைக் கொன்று தின்று கட்டுப்படுத்தும் விலங்கு ஓசார்க்கில் இல்லை.

காட்டுக்குக் கேடு என்பது பன்றி இருப்பதால்தான் வருகிறது. ஓசார்க்கில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து நீர் கசியும் சிறு சதுப்புகள் உண்டு. முழங்கால் உயரக் கோரையும், அடியில் கண்ணாடிபோல் ஓடும் நீருமாக இருக்கும். அழியும் நிலையிலுள்ள ஹைன்ஸ் எமரால்டு என்ற தும்பியின் இளம்பருவம் அந்த நீரில்தான் கழிகிறது. பன்றிக்கூட்டம் ஒரே இரவில் அதைக் கிளறிப் புரட்டி, கோரை வேரோடு மல்லாந்து கிடக்கும் கருஞ்சேறாக ஆக்கிவிடும். ஓக் மரக் கொட்டைகளை மானுக்கும் வான்கோழிக்கும் மிச்சம் வைக்காமல் தின்னும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டையையும் விடாது.

ஆநிரை (ஓக்லஹோமா)

கால்நடை மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தடை சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். இப்போது அனுமதி உள்ள இடங்களில் வேட்டையாடுபவர்கள் உடல்நலத்தைப் பற்றி எழுதவே இல்லையே என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

காட்டுப்பன்றியை அறுக்கும்போது கையுறை கட்டாயம். பன்றிகளிடம் உள்ள புரூசெல்லோசிஸ் கிருமி, கையிலுள்ள சிறு கீறல் வழியாகவே மனிதருக்குள் நுழையக்கூடியது. வாரக்கணக்கில் விட்டு விட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி, இரவு வியர்வை என்று அது இழுத்துக்கொண்டே போகும். மருத்துவரிடம் போகும்போது பன்றி அறுத்ததைச் சொல்லாவிட்டால் அவர் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். கர்ப்பப்பை, விதை, பால்மடி ஆகியவற்றைக் கையாள்வதில் தனிக் கவனம் வேண்டும். இறைச்சியை உள்ளே 160 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பம் எட்டும்வரை வேகவைக்க வேண்டும்; நம் வீடுகளில் குழம்பாக வைப்பவர்களுக்கு இதில் சிரமமில்லை, ஆனால் நெருப்பில் வாட்டுபவர்கள் வெப்பமானி வைத்துப் பார்ப்பது நல்லது.

நாய்களோடு வேட்டையாடுபவர்களுக்கு இன்னொன்று. சூடோரேபிஸ் என்ற வைரஸ் நோய் பன்றியிடமிருந்து நாய்க்குத் தொற்றினால், அரிப்பும் வெறியுமாக இரண்டு மூன்று நாளில் நாய் இறந்துவிடும், மருந்து கிடையாது. அமெரிக்க வணிகப் பண்ணைகள் 2004-இல் இந்த நோயிலிருந்து விடுபட்டவை. காட்டுப்பன்றிகளிடம் அது இன்னமும் இருக்கிறது.

எங்கள் துறையில் உள்ளவர்கள் மிகவும் அஞ்சுவது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு. அது 2021-இல் டொமினிகன் குடியரசு, ஹெய்ட்டி வரை வந்துவிட்டது. அமெரிக்காவில் இதுவரை இல்லை. ஒருவேளை நுழைந்தால், மாநிலம் மாநிலமாகச் சுற்றும் 60 லட்சம் காட்டுப்பன்றிகளுக்குள் பரவிய பிறகு அதைப் பிடித்து நிறுத்துவது எவராலும் ஆகாது. பன்றியை வண்டியில் ஏற்றி வேறு காட்டில் விடுபவர் எத்தகைய ஆபத்தைக் கூடவே ஏற்றிச்செல்கிறார் என்பதை நினைக்க வேண்டும்.

பைனிவனம்

ஆநிரை அம்மா அவர்களுக்கு நன்றி. நாங்கள் மான் தோலுரிக்கும் நீண்ட கையுறையைப் பன்றிக்கும் பயன்படுத்துகிறோம், ஆனால் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதைப் புதியவர்களிடம் இனி வலியுறுத்துவோம்.

காடறிவானின் சான்றுகளைப் படித்த பிறகும், அவற்றை எல்லா மாநிலத்துக்கும் ஒரே அளவாகப் பொருத்த முடியாது என்றே நினைக்கிறேன். கேன்சஸும் நியூயார்க்கும் பன்றி சிறு எண்ணிக்கையில் இருந்தபோதே விழித்துக்கொண்ட மாநிலங்கள். டெக்சஸில் இருப்பவை 26 லட்சம் என்று டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தினர் மதிப்பிட்டிருக்கிறார்கள். வேட்டை, பொறி, ஹெலிகாப்டர் எல்லாம் சேர்த்தும் ஆண்டுக்கு அகற்றப்படுபவை 29 சதவீதம் அளவிலேயே இருந்தன என்பதும் அவர்கள் கணக்கு. நிலத்தில் 95 சதவீதம் தனியார் வேலிகளுக்குள் இருக்கும்போது, ஐந்து சதவீதப் பொது நிலத்தில் மட்டும் வேட்டையைத் தடுத்து இங்கே எதை ஒழித்துவிட முடியும்? வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த மாதமே கூட்டம் வந்துவிடும். சாம் ஹூஸ்டன் காட்டில் நடந்து போய் ஒரு பன்றியைச் சுடும் மனிதரால் பன்றி குறையாது என்பது சரி. அவரைத் தடுப்பதாலும் குறையாது. குறையாத இடத்தில், இறைச்சியாவது ஒரு குடும்பத்துக்குப் போகட்டும் என்பதே என் நிலை.

கலிஃபோர்னியா எடுத்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. முன்பு ஒவ்வொரு பன்றிக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து ஒரே அனுமதியில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். கூடவே, பன்றியைத் திறந்துவிடுவதைத் தடுத்தும் சட்டம் செய்துவிட்டார்கள். வேட்டைக்காரரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், திறந்துவிடுபவரைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் சட்டம் அது.

காடறிவான்

பைனிவனம் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். நான் தொடக்கத்திலிருந்து சொல்ல வருவதும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. ஒரு பொது நிலத்தில் வேட்டையை அனுமதிக்கலாமா என்பதற்கு முன், அந்த நிலத்திலிருந்து பன்றியை அடியோடு அகற்றுவது இன்னும் சாத்தியமா என்று கேட்க வேண்டும். ஓசார்க்கில் சாத்தியம், அங்கே ஒவ்வொரு குண்டும் அந்த நாளைத் தள்ளிப் போடுகிறது. கிழக்கு டெக்சஸில் இன்றைய கருவிகளைக் கொண்டு சாத்தியமில்லை. அங்கே வேட்டையை நிறுத்தச் சொல்வதற்கு என்னிடம் காரணமில்லை. பொறி வேலை நடக்கும் பகுதியில் மட்டும் சில வாரம் விலகி இருக்கச் சொல்வேன், அவ்வளவுதான்.

அதே சமயம், மிசூரிக் காட்டை டெக்சஸைப் போல நடத்தினால் இருபது ஆண்டுகளில் அது டெக்சஸாகவே ஆகிவிடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓசார்க்வாசி

அனைவருக்கும் நன்றி. பதில்கள் நான் எதிர்பார்த்ததைவிட விரிவாக வந்திருக்கின்றன. 1990-களில் இங்கே திறந்துவிட்டது யார் என்பது ஓசார்க் ஊர்களில் எவருக்கும் தெரியாத ரகசியமன்று; அதைச் செய்தவர்கள் சிலர், தடையைச் சுமப்பவர்கள் எல்லோரும் என்பதுதான் மக்களின் மனவருத்தம். கூண்டுகளின் கம்பியை அறுப்பதும், கேமராவைத் திருடுவதும் அந்த வருத்தத்தால் நியாயமாகிவிடாது. ஆனால், துறையும் செய்ய வேண்டிய சில வேலைகள் பாக்கி இருக்கின்றன.

காடறிவான் சொன்ன அந்தப் படுகை வாரியான விவரத்தை, ஊர்க் கூட்டங்களில் பெரிய வரைபடமாக மாட்டி வைக்க வேண்டும். எந்த ஓடையில் இரண்டு ஆண்டுகளாகத் தடயமில்லை, எந்த ஓடையில் வேலை நடக்கிறது என்பது அந்த ஓடைக்கரையில் வாழ்பவருக்குத் தெரியாவிட்டால், எண்ணிக்கையை அவர் நம்ப மாட்டார். அடுத்தது, காட்டின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த பழைய வேட்டைக்காரர்களைச் சம்பளத்துக்கோ தன்னார்வத்துக்கோ பொறி வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேமரா கட்ட வேண்டிய மரம் எது என்று அவர்களிடம் கேட்டாலே பாதி நாள் மிச்சமாகும். பிடிபடும் பன்றிகளின் இறைச்சி காட்டிலேயே அழுகுவதும் கிராமங்களில் பெரும் கோபத்தைக் கிளப்பும் விஷயம்; ஆநிரை அவர்கள் சொன்ன நோய்களையும், இறைச்சி விநியோகத்துக்கு முன் நடத்த வேண்டிய சோதனையையும் பற்றி எவரும் அங்கே எடுத்துச் சொல்லவில்லை.

இங்கே புதிதாக வேட்டைக்கு வருபவர்களுக்காக நடைமுறையையும் எழுதிவிடுகிறேன். மார்க் ட்வைன் வனத்தில் கிளறிய மண்ணையோ பன்றிக் கூட்டத்தையோ கண்டால், சுடாமல், இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு இயற்கைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். சோளம் கொட்டியிருக்கும் இடத்தையோ கூண்டையோ கண்டால் அருகே போகாமல் வேறு பாதையில் விலகிச் செல்லுங்கள். மனித வாடையே சில கூட்டங்களைக் கலைத்துவிடும். நவம்பர் மான் பருவத்தில் அந்த ஆண்டுக்கான உரிமத்தோடு இருக்கும்போது பன்றி எதிர்ப்பட்டால் சுடலாமா என்பதை, கிளம்பும் முன் அந்தக் கவுண்டிக்கான விதியைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். சொந்த நிலம் வைத்திருப்பவருக்கு இந்தத் தடை பொருந்தாது. அவர்கள் கேட்டால் ஊழியர்கள் கட்டணமில்லாமல் வந்து பொறி வைத்துக் கொடுக்கிறார்கள்.

காடறிவான், ஓக் கொட்டை அதிகமாக விழும் ஆண்டுகளில் பன்றி சோளத்தைச் சீண்டுவதே இல்லை என்று இங்கே சொல்கிறார்கள். அத்தகைய ஆண்டில் பொறி வேலையை எப்படி நடத்துவீர்கள்?

காடறிவான்

அவர்கள் சொல்வது உண்மைதான். கொட்டை நிறைய விழும் ஆண்டின் இலையுதிர்காலத்தில் வாளி வாளியாகச் சோளம் கொட்டினாலும் பன்றி திரும்பிப் பார்க்காது. அந்த மாதங்களில் கூண்டை நிறுத்தாமல், கேமராக்களை மட்டும் கொட்டை விழும் சரிவுகளுக்கு மாற்றிக் கட்டி, எந்தக் கூட்டம் எங்கே தங்குகிறது, எத்தனை குட்டி போட்டிருக்கிறது என்ற கணக்கைப் பிடிப்போம். ஜனவரி பிற்பகுதியில் கொட்டை தீர்ந்து, தரை இறுகி, பன்றி பசியோடு அலையத் தொடங்கும். சோளத்துக்கு அப்போது வரும் கூட்டம் போல் மற்ற எந்த மாதத்திலும் வராது. இலையில்லாத மரங்களுக்கு மேலே ஹெலிகாப்டர் பறப்பதும் அதே வாரங்களில்தான் என்பதால், இலையுதிர்காலத்தில் எடுத்த கணக்கு இரண்டு வேலைக்கும் உதவும்.